அயோவா விவசாயி ஒருவரின் இரங்கல் குறிப்பை எப்படிப் படிப்பது?

உங்கள் மகன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவன் குடியிருக்கும் வீட்டுக்காரரின் அப்பா 93 வயதில் இறந்துவிட்டார். உள்ளூர் வாரப் பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பை அவன் அனுப்ப, நீங்கள் படித்திருக்கிறீர்கள். "1931இல் பிறந்தார், கிராமப் பள்ளியில் எட்டாவது வரை படித்தார், ராணுவத்தில் இருந்தார், கல்யாணம் செய்தார், விவசாயம் பார்த்தார், தினமும் நண்பர்களோடு காபி குடிக்கப் போவார். 93 வருடம் வாழ்ந்த மனிதரைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் இறுதிச் சடங்குக்குப் போகலாமா, போனால் என்ன பேசுவது என்பது இரண்டாவது கேள்வி.

நான் வடமேற்கு அயோவாவில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு ஊரில் 11 வருடம் இருந்தவன். மனைவிக்குப் பக்கத்து ஊர் மருத்துவமனையில் வேலை. எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரும் இதே 1931ஆம் வருடத்து ஆள், இதே போல பட்டாளத்துக்குப் போய்வந்த விவசாயி. அந்த ஊரில் இருபது சாவுக்காவது போயிருப்பேன். அங்கே வரும் இரங்கல் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்துகொள்ளவே எனக்கு நாலைந்து வருடம் பிடித்தது. அவற்றில் யாரும் யாரையும் புகழ மாட்டார்கள். வருடம், ஊர்ப்பெயர், எந்த சர்ச், எத்தனை ஏக்கர் என்று வெறும் பட்டியல் மாதிரி இருக்கும். விஷயம் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள்தான் கிடக்கிறது.

முதலில் பிறந்த வருடத்தைப் பாருங்கள். 1931. அடுத்த வருடக் கடைசியில் ஒரு புஷல் மக்காச்சோளம் பத்து சென்ட்டுக்கு விழுந்தது. புஷல் என்பது உதிர்த்த மணியில் 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நிலக்கரி வாங்கக் காசில்லை, சோளத்துக்கு விலையில்லை, அதனால் சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். கடன் கட்டாத பண்ணைகள் ஜப்திக்கு வந்தன. ஏலம் நடக்கும் நாளில் அக்கம்பக்கத்து விவசாயிகள் கூட்டமாக வந்து நின்று, பசு மாட்டுக்குப் பத்து சென்ட், கலப்பைக்கு அஞ்சு சென்ட் என்று கேட்பார்கள். வெளியாள் யாராவது கூடுதலாகக் கேட்க வாயெடுத்தால், பக்கத்தில் நிற்பவர் மெதுவாகத் தோளில் கை வைப்பார். அவ்வளவுதான், ஏலம் முடிந்தது. சில்லறைக் காசுக்கு எடுத்ததை எல்லாம் அந்த வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எப்போதும் இவ்வளவு அமைதியாக நடக்கவில்லை. 1933 ஏப்ரலில் லே மார்ஸ் என்ற ஊரில், ஜப்தி வழக்குகளை நிறுத்திவைக்க உறுதி தராத நீதிபதி சார்லஸ் பிராட்லியை நீதிமன்றத்திலிருந்தே இழுத்துப் போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். கடைசியில் உயிரோடு விட்டுவிட்டார்கள். கவர்னர் அந்த கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ராணுவச் சட்டம் போட்டார். உங்கள் குறிப்பில் வருகிற பெரியவருக்கு அப்போது இரண்டு வயது. எதுவும் நினைவிருக்காது. ஆனால் அப்பா அம்மா சாப்பாட்டு மேசையில் கடன் என்ற சொல்லை எந்தக் குரலில் சொன்னார்கள் என்பது அவருக்குள் போயிருக்கும். அது பிற்பாடு வேலை செய்வதைப் பார்ப்போம்.

இன்ன டவுன்ஷிப்பில் இன்ன செக்‌ஷனில் பிறந்தார் என்று எழுதியிருப்பார்கள். அது முகவரி மட்டும் இல்லை. 1785ஆம் வருடச் சட்டப்படி அந்த நிலப்பரப்பு முழுவதையும் கோடு போட்டுக் கட்டம் கட்டினார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷனுக்கு 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். அதைத்தான் "குவார்ட்டர்" என்பார்கள். முதல் தடவை ஒருவர் "நான் இரண்டு குவார்ட்டர் வைத்திருக்கிறேன்" என்று சொன்னபோது நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன், அதை விடுங்கள். மைலுக்கு ஒரு மண்சாலை நேர்கோடாகப் போகும். பண்ணை வீடுகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று கால் மைல் அரை மைல் தள்ளி நிற்கும். தெரு என்று ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும் என்றாலே கிளம்பித்தான் போக வேண்டும். காபிக்குப் போவது ஏன் குறிப்பில் எழுதும் அளவுக்குப் பெரிய விஷயம் என்பதற்கு முதல் காரணம் இது.

குடும்பப் பெயர் ஜெர்மன் பெயராக இருந்தால் இன்னொன்றும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் உலகப் போர் நடந்தபோது, 1918 மே மாதம், அயோவா கவர்னர் வில்லியம் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. ஆங்கிலம் தெரியாதவர்கள் வழிபாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். தொலைபேசியில் ஜெர்மன் பேசியதற்காக ஸ்காட் கவுண்டியில் பெண்களுக்கு அபராதமே விழுந்தது. எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவருக்கு ஜெர்மனில் தெரிந்தது ஒரு சாப்பாட்டு ஜெபமும் இரண்டு வசவும்தான். பாட்டி அடுப்படியில் பேசியதாம், வாசலுக்கு வந்தால் நிறுத்திவிடுமாம். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து அடுத்தடுத்த தலைமுறைப் பையன்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். "நாங்களும் இந்த ஊர்தான்" என்று காட்டுவதும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கிராமப் பள்ளி என்றால் ஒரே அறை, ஒரே ஆசிரியை, எட்டு வகுப்பு. எட்டாவதோடு நின்றதைப் படிப்பு ஏறாதவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஆள் வேண்டும், அதுதான் காரணம். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்துக்கு ஒன்பதில் மின்சாரம் இல்லை. 1935இல் கிராம மின்மயத் திட்டம் தொடங்கி, விவசாயிகளே கூட்டுறவு சேர்ந்து கம்பி இழுக்க ஆரம்பித்தார்கள். நடுவில் போர் வந்து தாமிரம் கிடைக்காமல் வேலை நின்றது. அதனால் பலருக்கு 1945க்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது. எங்கள் பெரியவருக்குக் கல்யாணத் தேதியை மனைவி நினைவூட்ட வேண்டும். கரண்ட் வந்த தேதியை மட்டும் கேட்காமலே சொல்வார்.

அவருடைய கார் ஷெட்டில் ஆணியில் ஒரு சாமான் தொங்கும். தோல் பட்டையில் பொருத்திய சின்ன இரும்புக் கொக்கி, வலது உள்ளங்கையில் வைத்துக் கட்டிக்கொள்வது. ஒருநாள் என் கையில் மாட்டிவிட்டுச் செய்து காட்டினார். இடது கை கதிரைப் பிடிக்கிறது, கொக்கி தோகையைக் கிழிக்கிறது, மணிக்கட்டை ஒரு முறுக்கு, கதிர் ஒடிந்து வண்டிக்குள் போகிறது. கண் அடுத்த கதிருக்குப் போய்விட வேண்டும், வீசியதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. வண்டியின் ஒரு பக்கம் மட்டும் உயரமாகப் பலகை அடித்திருக்கும், அதில் மோதிக் கதிர் உள்ளே விழும். டம், டம், டம் என்று அந்தச் சத்தம் காலை இருட்டிலேயே கேட்குமாம். சத்தத்தை வைத்தே பக்கத்துப் பண்ணையில் இன்றைக்கு எத்தனை பேர் ஒடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்களாம். ஒரு நாளில் நூறு புஷல் ஒடித்தால் நல்ல ஆள் என்று பெயர். கணக்குப் போடுங்கள், குதிரை வண்டியை நடத்திக்கொண்டே கையால், உதிர்த்த மணி மட்டுமே இரண்டரை டன். அப்புறம் இயந்திரம் வந்தது. அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தாமல் கையை விட்டுத் தட்டுவார்கள். எங்கள் பெரியவரின் இடது கையில் இரண்டு விரல் இல்லை. அது கொரியாவில் போனது என்று நான் மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சோளம் ஒடிக்கும் இயந்திரத்தில் போனது.

சரி, பட்டாளத்துக்கு வருவோம். "1952 முதல் 1954 வரை அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றினார், கொரியா." இதுதான் அந்த ஒற்றை வரி, இல்லையா? இரண்டு வருடம் என்றால் அவராகச் சேரவில்லை, கட்டாய ராணுவ சேவையில் அழைக்கப்பட்டவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். யார் போக வேண்டும் என்று முடிவு செய்தது வாஷிங்டன் அல்ல. ஒவ்வொரு கவுண்டியிலும் சம்பளம் இல்லாத உள்ளூர்க்காரர்கள் கொண்ட ஒரு குழு இருந்தது. பண்ணைக்கு அவசியமானவன் என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டால் விவசாய விலக்கு உண்டு. அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தால் ஒருவன் நிலத்தோடு நிற்பான், இன்னொருவன் போவான். யார் வீட்டுப் பையனுக்கு விலக்கு, யார் வீட்டுப் பையனுக்குக் கடிதம் என்பதை ஞாயிற்றுக்கிழமை ஒரே சர்ச்சில் உட்காரும் மனிதர்கள் தீர்மானித்தார்கள். அதில் வந்த கசப்பு சில குடும்பங்களுக்குள் ஐம்பது வருடம் கழித்தும் தீராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனுடைய குடும்பமும் தம்பியுடைய குடும்பமும் சர்ச்சில் எதிரெதிர்ப் பக்கம் உட்காருவார்கள். காரணம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வருடங்களில் அழைக்கப்பட்ட எல்லாரும் கொரியாவுக்குப் போகவில்லை. நிறையப் பேர் ஜெர்மனியில் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பில் கொரியா என்று தனியாக எழுதியிருந்தால் பெரும்பாலும் அங்கே போயிருக்கிறார் என்று பொருள். 1951 கோடையில் பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகு போர்முனை அதிகம் நகரவில்லை. மலை முகட்டில் பதுங்குகுழி, இரவில் ரோந்து, நாள் முழுக்க பீரங்கி. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம். அதற்குள் அங்கே இறந்த அமெரிக்கர்கள் 36 ஆயிரத்துக்கும் மேல். திரும்பி வந்தவர்களுக்கு ஊர்வலமெல்லாம் பெரிதாகக் கிடையாது. வாஷிங்டனில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் வைக்கவே 1995 ஆயிற்று.

பதினொரு வருடத்தில் எங்கள் பெரியவர் கொரியாவைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலம், நான் வாசலில் பனியை வாரத் தெரியாமல் வாரிக்கொண்டிருந்தேன். வந்து நின்று பார்த்தார். "இந்தியாவா? கைதிகளைக் காவல் காத்தது உங்கள் ஆட்கள்தானே" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். போர்நிறுத்தத்துக்குப் பிறகு, சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த கைதிகளைப் பொறுப்பில் வைத்திருந்தது இந்தியப் படைதான். அந்த நடுநிலை ஆணையத்தின் தலைவர் ஜெனரல் திம்மையா. அதற்கும் முன்பே, 1950 கடைசியிலிருந்து இந்தியாவின் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு அங்கே இருந்தது. அதன் தளபதி ஏ.ஜி. ரங்கராஜ் தன் ஆட்களில் ஒரு குழுவோடு 1951 மார்ச்சில் அமெரிக்க பாராசூட் படையினருடன் சேர்ந்து குதித்தவர், மகாவீர் சக்ரா வாங்கியவர். அடுத்த வாரம் இதையெல்லாம் உற்சாகமாகப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "மண்வெட்டியை இவ்வளவு தாழ்வாகப் பிடித்தால் முதுகு போய்விடும்" என்றார்.

இந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு, ராணுவம் அவர் வாழ்க்கையில் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. திரும்பி வந்த பிறகு அவர் காலை ஊன்றிய இடத்தில் எல்லாம் அந்த இரண்டு வருடம் இருக்கிறது. 1944 ஜூனில் முன்னாள் வீரர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. ஜி.ஐ. பில் என்பார்கள். அதன் முதல் வரைவை எழுதியவர் கான்சாஸ் மாநிலத்து டொபீகா ஊரைச் சேர்ந்த வக்கீல் ஹாரி கோல்மரி, அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் வீரர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். இந்தச் சட்டம் என்றால் எல்லாரும் கல்லூரிப் படிப்பைத்தான் சொல்வார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போர் வீரர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் இதன் கீழ் பண்ணைப் பயிற்சி எடுத்தார்கள். கொரியா வீரர்களுக்காக 1952இல் வந்த சட்டத்திலும் அது தொடர்ந்தது. பகலில் பண்ணை வேலை, மாலையில் உயர்நிலைப் பள்ளியில் விவசாய ஆசிரியரிடம் வகுப்பு. வரவுசெலவுக் கணக்கு எழுதுவது, மண் பரிசோதனை, உரம் போடும் அளவு, வெல்டிங். மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. எட்டாவதோடு நின்ற பையன்களுக்கு இதுதான் கல்லூரி. இதே சட்டத்தின் பலன் தெற்கு மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு இப்படிக் கைக்கு எட்டவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

நிலம் உடனே கிடைத்துவிடாது. முதலில் கூலியாள், அப்புறம் வாரம் (விளைச்சலைப் பங்கு பிரிக்கும் குத்தகை), பிறகுதான் சொந்தம். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு என்பது வழக்கமான வாரக் கணக்கு. அயோவாவில் குத்தகை வருடம் மார்ச் 1 அன்று பிறக்கிறது. அன்றைக்குப் பனியும் சேறும் கலந்த சாலையில் கட்டில், கோழிக்கூடு, அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் ஒரு பண்ணையை விட்டு இன்னொரு பண்ணைக்குப் போகும். கல்யாணம் 1955 பிப்ரவரியில் என்று குறிப்பில் இருக்கிறது, கவனித்தீர்களா? இது காதலர் மாதம் என்பதால் வைத்த தேதி இல்லை. மார்ச் 1க்குள் குடித்தனம் வைக்க வேண்டும், அதற்காக வைத்த தேதி. அந்தத் தலைமுறைக் குறிப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

நிலம் வாங்க உதவியது பெரும்பாலும் பன்றி. "அடமானத்தைத் தூக்குகிறவன்" என்றுதான் பன்றிக்கு அங்கே செல்லப்பெயர். சோளத்தைச் சோளமாக விற்றால் வருவதைவிடப் பன்றிக்குப் போட்டுப் பன்றியாக விற்றால் அதிகம் வரும். வீட்டுச் செலவோ முட்டையில் ஓடியது. கோழி, முட்டை, அந்தக் காசு எல்லாம் மனைவியின் பொறுப்பு. குறிப்பில் "விவசாயம் பார்த்தார்" என்று அவருக்கு மட்டும் எழுதியிருக்கும், மனைவிக்கு "இல்லத்தரசி" என்று வரும். அதை நம்பாதீர்கள். சனிக்கிழமை ஊருக்கு முட்டையோடு போய் மளிகையோடு திரும்பியது அந்த அம்மாள்தான்.

"அவருக்கு முன்னால் மறைந்தவர்கள்" என்ற பட்டியலில் பெற்றோர், சகோதரர் பெயர்களுக்கு நடுவே "கைக்குழந்தை மகன்" என்று பெயரில்லாமல் ஒன்று இருக்கிறது பாருங்கள். பிறந்த அன்றோ அடுத்த நாளோ போன குழந்தை. அறுபத்தைந்து வருடம் வீட்டில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் குறிப்பில் விட மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் தரையோடு பதித்த சின்னக் கல் ஒன்று இருக்கும், புல் வெட்டும்போது அதைச் சுற்றிக் கையாலேயே வெட்டுவார்கள்.

உயிரோடு இருப்பவர்கள் பட்டியலிலும் கதை உண்டு. நாலு பிள்ளைகளில் ஒருவர் ஒமாஹா, ஒருவர் மினியாபொலிஸ், ஒருவர் அரிசோனா, ஒருவர் மட்டும் அதே ஊர். 1935இல் அயோவாவில் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கில் சுமார் 87 ஆயிரம். நிலம் அப்படியேதான் இருக்கிறது, விளைச்சல் ஏக்கருக்கு 40 புஷலிலிருந்து 200க்கு ஏறியிருக்கிறது. ஆள்தான் வேண்டாமல் போய்விட்டது. பள்ளிகள் ஒன்றோடு ஒன்று இணைந்து, பெயருக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டே நீண்டன.

இனி 1980கள். குறிப்பில் அந்தப் பத்து வருடம் அறவே இருக்காது, ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தலைமுறையைப் புரிந்துகொள்ள முடியாது. 1972இல் சோவியத் நாடு பெரிய அளவில் தானியம் வாங்கியது, விலை ஏறியது. விவசாய அமைச்சர் ஏர்ல் பட்ஸ், வேலி முதல் வேலி வரை விதையுங்கள் என்றார். நில விலை ஏறிக்கொண்டே போனது, வங்கிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. பத்து சென்ட் சோளத்தை நினைவு வைத்திருந்த அப்பாக்கள் தயங்கினார்கள், பிள்ளைகள் வாங்கினார்கள். 1980 ஜனவரியில் சோவியத்துக்குத் தானிய ஏற்றுமதித் தடை. அதே வருடம் டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டி 21.5 சதவீதம். அயோவாவில் சராசரி நில விலை 1981இல் ஏக்கருக்கு 2,147 டாலர், 1986இல் 787. ஒரு குவார்ட்டர் நிலம் 3 லட்சத்து 43 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 26 ஆயிரத்துக்கு இறங்கியது. கடன் மட்டும் இறங்கவில்லை. கைமாறிய பண்ணைகளுக்காகக் கோர்ட் வாசல் புல்வெளியில் வெள்ளைச் சிலுவைகளை நட்டார்கள். தற்கொலைகளும் நடந்தன.

எங்கள் பெரியவர் கடனே வாங்காத மனிதர். மகனுக்காகக் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். அதில் 80 ஏக்கர் போனது. இதை அவர் சொல்லவில்லை, அவர் போன பிறகு அவர் மனைவி சொன்னார். அந்த அம்மாள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தது அப்போதுதான், சம்பளத்தைவிட மருத்துவக் காப்பீட்டுக்காக. "அந்த ஒரு குளிர்காலம் மட்டும் அவர் காபிக்குப் போகவில்லை" என்றார். நவம்பரிலிருந்து மார்ச் வரை. அப்புறம் ஒருநாள் காலை ஆறரைக்குக் கூட்டுறவுத் தானியக் கிடங்கிலிருந்து மூன்று பேர் வந்து வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். பத்து நிமிஷம் கழித்து இவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய் ஏறினாராம். மூன்று பேரில் இருவர் கொரியா ஆட்கள்.

"தினமும் நண்பர்களோடு காபி குடிக்கப் போவார்" என்ற வரியை இனிமேல் அப்படிப் படியுங்கள். தானியக் கிடங்கிலோ பெட்ரோல் பங்கிலோ ஒரு நீள மேசை, விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஏழெட்டு பேர், பகடை உருட்டி யார் காசு கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். மழை, விலை, யார் வயலில் களை என்பது தவிர வேறு பேச்சே இருக்காது போலத் தெரியும். ஆனால் தீயணைப்புக்குத் தன்னார்வலர் யார், டவுன்ஷிப் சாலைக்குக் கல் எப்போது, ஆஸ்பத்திரியில் கிடப்பவனின் சோளத்தை யார் யார் இயந்திரம் கொண்டுபோய் அறுப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். குறிப்பில் வரும் கூட்டுறவு வாரியம், பள்ளி வாரியம், சர்ச் மூப்பர், லீஜன் உறுப்பினர் எல்லாம் இந்த மேசையின் கிளைகள். பெரும்பாலும் காசு வராத வேலைகள்.

சடங்குக்கு வருகிறேன். முன்னாள் வீரர் என்றால் ராணுவ மரியாதை உண்டு. அதற்கு ராணுவத்திலிருந்து விடுவித்த சான்றிதழ் வேண்டும். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. 1960க்கு முன் விடுவிக்கப்பட்ட தரைப்படை ஆட்களின் கோப்புகளில் பத்தில் எட்டு போய்விட்டது. நல்லவேளையாக, வீடு திரும்பிய கையோடு பலர் கவுண்டி அலுவலகத்தில் ஒரு நகல் பதிந்து வைத்தார்கள். பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே போய்த்தான் வாங்குகிறார்கள்.

2000ஆம் வருடம் முதல், கேட்கும் குடும்பத்துக்குச் சீருடை அணிந்த இரண்டு பேராவது வந்து கொடியை மடித்துக் கொடுப்பது சட்டப்படி கட்டாயம். பெட்டிமேல் விரித்த கொடியை இருவரும் இடுப்புயரத்தில் இழுத்துப் பிடித்து நீளவாக்கில் மடிப்பார்கள், பிறகு ஓரத்திலிருந்து முக்கோணம் முக்கோணமாக. மொத்தம் 13 மடிப்பு. சிவப்பு எதுவும் வெளியே தெரியாமல் நீலமும் நட்சத்திரமும் மட்டும் தெரிய வேண்டும். துப்பாக்கி மரியாதை உள்ளூர் லீஜன் ஆட்களுடையது. ராணுவம் அவர்களுக்குக் கடனாகக் கொடுத்திருக்கும் பழைய எம் 1 துப்பாக்கிகள். பிடிப்பவர்களுக்கே எழுபது எண்பது வயது. குளிரில் கை நடுங்க, மூன்று வெடியும் ஒன்றாக விழாமல் கொஞ்சம் சிதறித்தான் கேட்கும். எக்காளம் ஊத ஆள் கிடைப்பதில்லை என்பதால், 2003 முதல், உள்ளே பதிவு செய்த இசையை ஒலிக்கும் ஒரு சின்னக் கருவி வைத்த எக்காளம் வந்திருக்கிறது. பட்டனை அழுத்தி வாயில் வைத்துக்கொண்டால் போதும். தெரிந்தாலும் யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். வெடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பேரப்பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள். கொடியைப் பல குடும்பங்கள் ஊருக்கே கொடுத்துவிடும். மே மாதக் கடைசியில் நினைவு நாளன்று கல்லறைத் தோட்டப் பாதை நெடுக அந்தக் கொடிகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள்.

மகன் கட்டாயம் போகட்டும். அழைப்பு என்று தனியாக வராது, பத்திரிகையில் வந்ததே அழைப்பு. முதல் நாள் மாலை உடலைப் பார்க்கும் நேரம் என்று போட்டிருந்தால் அப்போது போனாலும் சரி, அடுத்த நாள் சர்ச்சுக்குப் போனாலும் சரி. கருப்பு கோட் தேவையில்லை, சுத்தமான சட்டையும் அடர்நிற பேன்ட்டும் போதும். வாசலில் இருக்கும் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும், வரிசையில் நின்று கைகொடுக்க வேண்டும். "வருத்தமாக இருக்கிறது" என்ற ஒரு வரிக்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பூவுக்குப் பதிலாகத் தீயணைப்புப் படைக்கு என்று குறிப்பில் இருந்தால், அட்டையோடு உறையில் இருபது டாலர் வைக்கலாம். போரைப் பற்றிக் கேட்க வேண்டாம். புகைப்படப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, இவர் டிராக்டர் பச்சையா சிவப்பா (அங்கே நிறத்தைச் சொன்னாலே எந்தக் கம்பெனி என்று தெரியும்) என்று யாரிடமாவது கேட்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குப் பேச்சு ஓடும்.

அடக்கம் முடிந்ததும் நழுவி வந்துவிட வேண்டாம். சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு இருக்கும். பன்றி இறைச்சி வைத்த பன், சீஸ் போட்டு அடுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கு, தட்டு தட்டாக வெட்டிய இனிப்பு. இறைச்சி சாப்பிடாத பையன் என்றால் உருளைக்கிழங்கிலும் கோழிச் சாறு இருக்கலாம், பார்த்து எடுக்கட்டும். காபி தண்ணீராகத்தான் இருக்கும். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி மேசை மேசையாக வந்து இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்பார். ஊற்றச் சொல்லுங்கள்.